சர்க்யூட் படத்தில் இல்லாத கண்டென்சர்

அன்புள்ள டீச்சருக்கு,

உங்கள் கடிதமும், மாணவர்கள் ஸ்கேல் வைத்து வரைந்தனுப்பிய சர்க்யூட் படமும் வந்து சேர்ந்தன. பதிலைத் தனியாக அனுப்பாமல் இங்கேயே எழுதுகிறேன். இதே தொல்லையில் மாட்டிக்கொண்டிருக்கும் வேறு பள்ளிகளும் இருக்கும்.

படத்தில் எந்தப் பிழையும் இல்லை. 60 மில்லிமீட்டர் பிவிசி குழாயில் 28 கேஜ் எனாமல் கம்பி 58 சுற்று, பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய 365 பிகோஃபாரட் கேங் (திருப்பினால் மதிப்பு மாறும் கண்டென்சர்), ஒரு ஓ.ஏ.79 டயோடு, ஓசையைப் பெருக்க எல்.எம்.386 ஐசி. திருச்சி வானொலியின் 936 கிலோஹெர்ட்ஸ் மணப்பாறையில் இதற்கு வந்தே தீரவேண்டும். வரவில்லை என்கிறீர்கள். மொட்டைமாடியில் கட்டிய 20 மீட்டர் ஏரியலைக் காயிலின் தலையில் நேரே மாட்டினால், கேங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை திருப்பினாலும் வெறும் இரைச்சல். ஒரு பையன் ஏரியலைக் கழற்றி, அதன் பிளாஸ்டிக் உறையோடு காயிலிலிருந்து வரும் கம்பியில் இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டான், நிலையம் வந்துவிட்டது. வந்த பிறகு கேங்கின் தண்டிலிருந்து கையை எடுத்தால் போய்விடுகிறது. “செம்போடு செம்பு தொட்டால் வராதது, தொடாதபோது வருவது எப்படி?” என்று அவன் கேட்டானாம். அந்தப் பையனுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள். என்ன செய்தான் என்று அவனுக்குத் தெரியாமல் இருக்கலாம்; செய்தது மிகச் சரியான வைத்தியம்.

மூன்றாவதாக உங்கள் சொந்தக் கேள்வி ஒன்று: வீட்டிலிருக்கும் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவின் டயலில் 540க்கும் 700க்கும் நடுவே தாராளமாக இடம் இருக்க, 1400, 1600 எல்லாம் ஒரு மூலையில் ஏன் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன?

இந்த மூன்றுக்கும் விடை ஒன்றுதான். கேங் தனியாக வேலை செய்வதே இல்லை. அதைச் சுற்றி, படத்தில் யாரும் வரையாத மின்தேக்குதிறன்கள் எப்போதும் உட்கார்ந்திருக்கின்றன. நாம் திருகும்போது எத்தனை பிகோஃபாரட் மாறியது என்பதைச் சுற்று கண்டுகொள்வதில்லை. மொத்தத்தில் எத்தனை பங்கு மாறியது என்பதைத்தான் பார்க்கிறது. பாடப்புத்தகம் இணைத்தட்டு மின்தேக்கியின் சூத்திரத்தைத் தந்துவிட்டு நின்றுவிடுகிறது. சூத்திரம் சரியானதுதான். அதற்கு வெளியே நடப்பதில்தான் பாதி ரேடியோ இருக்கிறது.

முதலில் கேங்கைக் கையில் எடுத்துப் பாருங்கள். நகராமல் நிற்கும் தகடுகள் ஒரு கூட்டம்; தண்டோடு சுழன்று அவற்றின் இடைவெளிகளுக்குள் உரசாமல் நுழையும் தகடுகள் இன்னொரு கூட்டம். ஸ்டேட்டர், ரோட்டர். ஒன்றுக்குள் ஒன்று முழுக்கப் புகுந்திருந்தால் எதிரெதிரே நிற்கும் பரப்பு அதிகம், மின்தேக்குதிறனும் அதிகம். வெளியே எடுக்க எடுக்கக் குறையும். ஹங்கேரியப் பொறியாளர் தெஜோ கோர்தா 1893இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

அளந்து கணக்குப் போடச் சொல்லுங்கள், சூத்திரம் உயிர் பெற்றுவிடும். 2 சென்டிமீட்டர் ஆரமுள்ள அரைவட்டத் தகடு, தண்டுக்காக நடுவில் 1 சென்டிமீட்டர் ஆரத்துக்கு வெட்டியது என்று வைத்துக்கொண்டால், எதிரெதிரே வரும் பரப்பு 4.7 சதுர சென்டிமீட்டர். இடைவெளி 0.3 மில்லிமீட்டர். ஓர் இடைவெளிக்குக் கிட்டத்தட்ட 14 பிகோஃபாரட் கிடைக்கும். 365 வேண்டுமென்றால் 26 இடைவெளி, அதாவது 27 தகடு. கேங்கில் எண்ணிப் பார்த்தால் கிட்டத்தட்ட அந்தக் கணக்கில்தான் இருக்கும். மெலிதான பிளாஸ்டிக் தாளைத் தகடுகளுக்கு இடையே வைத்த பிவிசி கேங்கில் இடைவெளி இதைவிடப் பல மடங்கு குறைவு; அதனால்தான் அது 2 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கிவிடுகிறது. காற்றுக் கேங்கில் இழப்பு குறைவு, கண்ணால் பார்க்கவும் முடியும். பாடம் நடத்த அதுவே மேல்.

தகடுகளை முழுக்க வெளியே எடுத்தாலும் மதிப்பு பூஜ்யம் ஆகாது. ஓரங்கள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டுதான் இருக்கின்றன. சட்டமும் அருகில் இருக்கிறது. உங்கள் கேங்குக்குக் குறைந்தபட்சம் 15 பிகோஃபாரட் என்று வைத்துக்கொள்கிறேன். காயிலின் சுற்றுகளுக்கு இடையே இருப்பது, டயோடு, இணைப்புக் கம்பிகள், கம்பி செருகும் பிரெட்போர்டின் அடுத்தடுத்த வரிசைகள், இவை எல்லாம் சேர்ந்து இன்னொரு 25. ஆக மொத்தம் 390இலிருந்து 40 வரை. உங்கள் 58 சுற்றுக் காயிலின் மின்தூண்டல் ஏறத்தாழ 230 மைக்ரோஹென்றி. ஒத்ததிர்வு அதிர்வெண் இந்த இரண்டின் பெருக்குத்தொகையினுடைய வர்க்கமூலத்துக்குத் தலைகீழ் விகிதம். கணக்குப் போட்டால் 531 கிலோஹெர்ட்ஸ் முதல் 1,660 வரை வருகிறது. மத்திய அலை வரிசை முழுவதும் இதற்குள் அடங்கிவிட்டது.

இப்போது ஏரியலை மாட்டுங்கள். 20 மீட்டர் கம்பி என்பது தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு தகடு. அதற்கும் பூமிக்கும் இடையே சுமார் 200 பிகோஃபாரட் இருக்கும். அதை நேரே காயிலின் தலையில் கட்டினால் அது கேங்கோடு பக்க இணைப்பில் சேர்ந்துவிடும். 390 என்பது 590 ஆகிறது, 40 என்பது 240 ஆகிறது. புதிய எல்லை 432 முதல் 677 கிலோஹெர்ட்ஸ்! திருச்சியின் 936க்கு மொத்தம் 125 பிகோஃபாரட் போதும். கேங்கை முழுக்கத் திறந்தாலும் உங்களிடம் 240 மிச்சம் இருக்கிறது. சென்னையின் 720கூட அகப்படாது. அந்த எல்லைக்குள் பெங்களூரின் 612 இருக்கிறதுதான், ஆனால் மணப்பாறையில் பகல் நேரத்தில் ஒரு டயோடு ரேடியோவுக்கு அது எட்டாக்கனி. ஆகவே வெறும் இரைச்சல்.

பையன் செய்த இரண்டு முறுக்கு என்ன? உறைபோட்ட இரண்டு கம்பிகள், நடுவே பிளாஸ்டிக். அதுவே ஒரு கண்டென்சர், சில பிகோஃபாரட் இருக்கும். 200 பிகோஃபாரட் ஏரியலோடு அது தொடர் இணைப்பில் வருகிறது. தொடர் இணைப்பில் மொத்தம், இருப்பவற்றுள் சிறியதைவிடவும் குறைவு என்பது நீங்கள் கரும்பலகையில் எழுதியதுதான். ஏரியலின் 200, முறுக்கின் சில பிகோஃபாரட்டுக்குள் அடங்கிப்போயிற்று. செம்போடு செம்பு தொடாததால்தான் நிலையம் வந்தது என்று அவனிடம் தாராளமாகச் சொல்லலாம்.

முறுக்குக்குப் பதிலாக 22 பிகோஃபாரட் செராமிக் கண்டென்சர் ஒன்றை நடுவில் வைத்துவிடுங்கள். 200ஓடு தொடரில் அது 20 ஆகிறது. கீழ்மதிப்பு 40லிருந்து 60 ஆகும். மேல் எல்லை 1,355 கிலோஹெர்ட்ஸ். கேங் 80 பிகோஃபாரட் அருகே வரும்போது திருச்சி நிற்கும். இன்னும் திறந்தால் மதுரையின் 1269க்கும் இடம் இருக்கிறது. சத்தம் கேட்குமா என்பது ஏரியலையும் எர்த்தையும் பொறுத்தது. இப்படித் தளர்த்திக் கட்டுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஏரியலும் எர்த்தும் தம் மின்தடையையும் சுற்றுக்குள் கொண்டுவருகின்றன. பிணைப்பு இறுக்கமாக இருந்தால் ஒத்ததிர்வு மழுங்கி, பக்கத்து நிலையமும் கூடவே நுழையும். தளர்த்தினால் கூர்மை கூடுகிறது. சத்தம் சற்றுக் குறையலாம். இந்தப் பேரம் எல்லா எளிய ரேடியோக்களிலும் உண்டு.

அடுத்தது கை. மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து ஒரு முனையைக் கேங்கின் தண்டிலும் மறுமுனையை அதன் உலோகச் சட்டத்திலும் தொடுங்கள். சத்தம் வரும். ரோட்டர், தண்டு, சட்டம் மூன்றும் மின்னோட்டத்துக்கு ஒரே பொருள். மாணவர்கள் சட்டத்தைக் காயிலின் தலையிலும் ஸ்டேட்டரை எர்த்திலும் கட்டியிருக்கிறார்கள் என்று ஊகிக்கிறேன். படத்தில் இரண்டு கோடுகளும் ஒரே மாதிரி இருப்பதால் இது நிகழ்வது சகஜம். அப்படிக் கட்டினால் தண்டைத் தொடுகிற மனிதரும் காயிலுக்கும் பூமிக்கும் நடுவே ஒரு கண்டென்சராக நுழைந்துவிடுவார். அவர் கொண்டுவருவது 30 பிகோஃபாரட் என்று வைத்துக்கொண்டாலும், 936இல் நிற்கும் சுற்று 840க்கு இறங்கிவிடும். கையோடு சேர்த்து நிலையத்தைப் பிடித்தீர்கள். கையை எடுத்ததும் சுற்று மேலே தாவிவிட்டது. இரண்டு கம்பியையும் மாற்றிக் கட்டுங்கள். சட்டம் எர்த்துக்கு, ஸ்டேட்டர் காயிலின் தலைக்கு. ஒரு பிளாஸ்டிக் குமிழையும் மாட்டிவிடுங்கள். தொல்லை தீர்ந்துவிடும்.

முற்றிலும் தீராது என்பதையும் சொல்லவேண்டும். காயிலுக்கு அருகே கை போனாலே ஒரு பிகோஃபாரட் மாறலாம். அந்த ஒரு பிகோஃபாரட் வரிசையின் எந்த இடத்தில் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 531இல், மொத்தம் 390 இருக்கும்போது, அதிர்வெண் முக்கால் கிலோஹெர்ட்ஸ்கூட நகராது. 936இல் நாலு கிலோஹெர்ட்ஸுக்குச் சற்றுக் குறைவு. 1602இல் மொத்தமே 43தான்; அங்கே அதே ஒரு பிகோஃபாரட் 18 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் தள்ளிவிடுகிறது. நம் நாட்டில் மத்திய அலை நிலையங்களுக்கு இடையே 9 கிலோஹெர்ட்ஸ் இடைவெளி. அப்படியானால் இரண்டு நிலைய தூரம்.

உங்கள் டயல் கேள்விக்குள் இப்போது நுழைந்துவிட்டோம். அரைவட்டத் தகடு என்றால் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரே அளவு பரப்பு மாறும். 180 டிகிரிக்கு 350 பிகோஃபாரட், டிகிரிக்கு ஏறத்தாழ இரண்டு. 531இலிருந்து அடுத்த நிலைய இடமான 540க்குப் போக 13 பிகோஃபாரட் குறைக்கவேண்டும். ஆறு, ஏழு டிகிரி திருப்பலாம், நிதானமாக. 1593இலிருந்து 1602க்குப் போக வேண்டியதோ அரை பிகோஃபாரட். கால் டிகிரி. கை நடுங்கினாலே தாண்டிவிடும். வரிசையின் கீழ்ப்பாதி 150 டிகிரியை எடுத்துக்கொள்கிறது. மேல்பாதிக்கு மிஞ்சுவது 28 டிகிரிதான்.

உற்பத்தியாளர்கள் இதைச் சும்மா விடவில்லை. தகட்டின் வடிவத்தையே மாற்றினார்கள். ரோட்டரை அரைவட்டமாக வெட்டாமல், ஒரு பக்கம் நீண்டு குறுகுகிற வடிவத்தில் வெட்டி, தண்டையும் மையத்திலிருந்து ஒதுக்கி வைத்தால், திருப்பத்தின் தொடக்கத்தில் பரப்பு மெதுவாகவும் முடிவில் வேகமாகவும் மாறும். டயலில் மீட்டர் கணக்கில் அலைநீளம் அச்சிட்ட காலத்தில், அலைநீளம் சீராக விழும்படி ஒரு வடிவம் இருந்தது: அதற்குத் திருப்பத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மின்தேக்குதிறன் மாறவேண்டும். பிறகு கிலோஹெர்ட்ஸ் சீராக விழ வேறொரு வடிவம். பின்னதில் தகடு மிகவும் நீண்டு இடத்தை அடைத்துக்கொள்ளும் என்பதால் பலரும் இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். உங்கள் டிரான்சிஸ்டர் ரேடியோவில் இருப்பது அப்படியொரு சமரசம். 1400, 1600 இன்னமும் நெருங்கி நிற்கின்றன. அரைவட்டமாக இருந்தால் எப்படி நின்றிருக்கும் என்பதற்கு மேலே உள்ள கணக்கே சாட்சி.

பழைய கேங்கின் ஓரத் தகட்டைக் கூர்ந்து பாருங்கள். வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி நாலைந்து வெட்டுக் கோடுகள் இருக்கும். பலர் அதை அலங்காரம் என்று நினைக்கிறார்கள். ஒவ்வொரு துண்டையும் இலேசாக உள்ளேயோ வெளியேயோ வளைத்து, அந்தந்தக் கோணத்தில் மதிப்பைச் சரிசெய்து அனுப்புவதற்காக விட்டிருக்கும் வெட்டுகள் அவை. தயவுசெய்து மாணவர்கள் அவற்றை ‘நேராக்க’ வேண்டாம். நேராக இல்லாததுதான் அவற்றின் வேலை.

சரி, இதையெல்லாம் வகுப்பில் காதால் கேட்க ஒரு வழி இருக்கிறது. ஏரியல், எர்த், நிலையம் எதுவும் வேண்டாம். 555 ஐசி ஒன்று, 9 வோல்ட் பேட்டரி, ஒரு மெகா ஓம் மின்தடை இரண்டு, ஒரு சிறிய ஸ்பீக்கர். கேங்கை 2, 6ஆம் கால்களுக்கும் தரைக்கும் நடுவே வையுங்கள். சட்டம் தரைப் பக்கம். ஒரு மெகா ஓம் பேட்டரியின் நேர்முனையிலிருந்து 7ஆம் காலுக்கு, மற்றது 7இலிருந்து 6க்கு. 3ஆம் காலிலிருந்து 10 மைக்ரோஃபாரட் வழியாக, 100 ஓம் தொடரில் வைத்து, ஸ்பீக்கருக்கு. குறைந்த மின்னோட்டம் எடுக்கும் 7555 வகை கிடைத்தால் இன்னும் நல்லது. இந்தச் சுற்றில் ஐசியின் காலும் பிரெட்போர்டும் சேர்ந்து 15 பிகோஃபாரட் போடுகின்றன என்று வைத்தால், கேங் முழுக்க மூடியிருக்கும்போது சுருதி ஏறத்தாழ 1,260 ஹெர்ட்ஸ். திறக்கத் திறக்க ஏறி, கடைசியில் 16,000ஐத் தொடும். மாணவர்களுக்குக் கேட்கும். தலைமையாசிரியருக்குக் கேட்காமல் போகலாம். அந்த வயதில் செவி அவ்வளவு உயரம் ஏறுவதில்லை.

இப்போது கேங்குக்குப் பக்கத்தில் 1,000 பிகோஃபாரட் நிலைக் கண்டென்சர் ஒன்றைச் சேர்த்துவிட்டு அதே கேங்கை அதே 180 டிகிரி திருப்பச் சொல்லுங்கள். மாறியது அதே 350 பிகோஃபாரட்தான். ஆனால் மொத்தம் 1,380இலிருந்து 1,030க்கு மட்டுமே இறங்குகிறது. சுருதி 350 ஹெர்ட்ஸ் அருகில் தொடங்கி 466இல் நின்றுவிடும். வகுப்பில் பாட்டுக் கற்கும் பிள்ளை யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள்: ஷட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம், ஒரு மயிரிழை கூடுதலாக. சற்றுமுன் மூன்றரை ஸ்தாயிக்கு மேல் ஓடிய அதே கை, அதே கேங். விகிதம் என்று நான் சொல்வது இதைத்தான். கரும்பலகையில் ஒரு மணி நேரம் விளக்குவதைவிட இந்த இரண்டு திருப்பல் சீக்கிரம் புரியவைக்கும்.

ரேடியோ மெக்கானிக்குகள் இதை ஏட்டில் படிக்காமலே கையால் அறிந்தவர்கள். டிரான்சிஸ்டர் ரேடியோவின் பிவிசி கேங்கின் முதுகில் திருகாணிபோல் சின்னச் சின்ன டிரிம்மர்கள் இருக்கும். அப்படியொரு டிரிம்மரை உங்கள் சுற்றில் வைத்து 5 பிகோஃபாரட் திருகினால், கேங் மூடியிருக்கும் கீழ்க்கோடியில் அதிர்வெண் முக்கால் சதவீதம்கூட மாறாது. மேல்கோடியில் ஐந்து சதவீதத்துக்கு மேல் மாறும். காயிலின் மின்தூண்டலை மாற்றினாலோ வரிசை முழுவதும் ஒரே சதவீதத்தில் நகரும். ஆகவே 600 பக்கம் காயிலை நகர்த்து, 1400 பக்கம் டிரிம்மரைத் திருகு, மறுபடி 600க்கு வா. இந்த வழக்கத்துக்குப் பின்னால் இருக்கும் கணக்கு அவ்வளவுதான்.

அந்த ரேடியோக்களில் கேங்குக்கு இரண்டு பகுதி இருப்பது வேறு காரணத்துக்காக. ஏரியல் சுற்று 531இலிருந்து 1602 வரை போகும்போது, உள்ளே இருக்கும் ஆசிலேட்டர் எப்போதும் 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடவேண்டும், அதாவது 986 முதல் 2057 வரை. முதலாவதற்கு மின்தேக்குதிறன் ஒன்பது மடங்கு மாறவேண்டும். இரண்டாவதற்கு நாலேகால் மடங்குக்குச் சற்று அதிகம் போதும். ஒரே தண்டில் இரண்டு. ஒன்று, ஆசிலேட்டர் பகுதியோடு தொடரில் ஒரு பேடர் கண்டென்சரை வைத்து அதன் மேல்மதிப்பை அமுக்கவேண்டும். அல்லது அந்தப் பகுதியின் தகடுகளையே சிறிதாக வெட்டவேண்டும். பிவிசி கேங்கின் ஒரு பக்கம் 140, மறுபக்கம் 60 என்று பொருந்தாமல் இருப்பதைப் பார்த்துப் பழுதென்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் பாடத்திட்டத்தில் மின்னூட்டம், மின்னழுத்தம், மின்தேக்குதிறன் மூன்றையும் இணைக்கும் சமன்பாடு வருகிறதே, அதற்கும் இதே கேங்கைப் பயன்படுத்தலாம். முழுக்க மூடிய கேங்குக்கு 9 வோல்ட் ஏற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, பிறகு திறந்தால் என்ன ஆகும்? மின்னூட்டம் எங்கும் போக வழியில்லை. மின்தேக்குதிறன் குறைந்தால் மின்னழுத்தம் ஏறித்தான் ஆகவேண்டும். கேங் மட்டுமே என்றால் 365இலிருந்து 15க்கு, 9 வோல்ட் 219 ஆகவேண்டும். கூடவே உட்கார்ந்திருக்கும் அந்த 25ஐச் சேர்த்தால் 390இலிருந்து 40க்கு, 88 வோல்ட்தான். அழைக்காமல் வந்தவர்கள் பாதிக்கு மேல் பறித்துக்கொண்டார்கள். சேமித்த ஆற்றலும் பத்து மடங்கு அருகே கூடுகிறது. பேட்டரி கழன்றுவிட்டதே, கூடுதல் எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். எதிர் மின்னூட்டம் கொண்ட தகடுகள் ஒன்றையொன்று இழுக்கின்றன. அந்த இழுப்பை மீறித் தண்டைத் திருப்பிய கைதான் வேலை செய்தது. நானோஜூல் கணக்கு என்பதால் கைக்குத் தெரியாது.

இதை மல்டிமீட்டரில் காட்டிவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அதன் உள்மின்தடை 10 மெகா ஓம். 390 பிகோஃபாரட்டில் இருக்கும் மின்னூட்டத்தை நாலே மில்லிசெகண்டில் பெரும்பாலும் வடித்துவிடும். திருப்புவதற்குள் ஒன்றும் மிஞ்சாது. ஆனால் அதே தத்துவத்தைக் காதால் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம். அமெரிக்காவில் ஈ. சி. வென்டே 1916இல் உருவாக்கிய கண்டென்சர் மைக்கில் ஒரு தகடு மெல்லிய உலோகச் சவ்வு. குரல் அதை அசைக்க, இடைவெளி மாறுகிறது. மின்னூட்டம் வெளியேற நேரமில்லாதபடி மிகப் பெரிய மின்தடை வழியாக ஊட்டியிருப்பதால், மாறுவது மின்னழுத்தம். 1962இல் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் பெல் ஆய்வகத்தில், மின்னூட்டத்தைப் பிளாஸ்டிக் தாளிலேயே நிலையாகப் பதித்துவைத்து எலெக்ட்ரெட் மைக்கைச் செய்தார்கள். கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கும் பொத்தான் மைக் அதன் வாரிசு. அதுவும் ஒரு மாறும் மின்தேக்கிதான். திருப்புவது நம் குரல்.

பழைய ரேடியோவில் இதன் குறும்பு ஒன்றும் உண்டு. சிற்றலையில் சத்தத்தைக் கூட்டிவைத்தால் சில பெட்டிகள் ஊளையிடும். ஸ்பீக்கரின் அதிர்வு கேங்கின் தகடுகளை நடுக்க, நடுக்கம் சுருதியை மாற்ற, மாற்றம் மறுபடி ஸ்பீக்கருக்குப் போக, ஒரு வட்டம். கேங்கை ரப்பர் வளையங்களின் மேல் உட்கார்த்தி வைத்திருப்பது அதற்காக. ரப்பர் இறுகிப் பாறையானால் ஊளை திரும்பும். திருப்பும்போது வரும் கரகரப்பு வேறு: ரோட்டரை எர்த்தோடு தொடர்புபடுத்தும் வில்தகட்டில் அழுக்கு, அல்லது எங்கோ இரண்டு தகடுகள் உரசல். முதலாவதற்குத் துப்புரவு திரவம் ஒரு சொட்டு. இரண்டாவதற்கு வெளிச்சத்தை எதிரே பிடித்துப் பார்த்து, உரசும் தகட்டை மெல்ல ஒதுக்கவேண்டும். அவசரம் கூடாது.

கையின் மின்தேக்குதிறனைத் தொல்லை என்றேன். அதையே வாத்தியமாக்கியவரும் ஒருவர் உண்டு. 1920 வாக்கில் பெத்ரோகிராத் ஆய்வகம் ஒன்றில் வாயுக்களின் மின்காப்புப் பண்பை அளக்கக் கருவி செய்துகொண்டிருந்த லெவ் தெரமின், தன் கை அருகே வந்தால் கருவியின் ஓசை மாறுவதைக் கவனித்தார். இரண்டு ஆசிலேட்டர்கள், ஒன்று நிலையானது, மற்றதோடு ஒரு கம்பம் இணைந்திருக்கும். இரண்டின் அதிர்வெண் வித்தியாசம்தான் நாம் கேட்பது. தொடாமலே வாசிக்கும் அந்த வாத்தியத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. கை கொண்டுவரும் மாற்றம் மிகச் சிறியது. உயர்ந்த அதிர்வெண்ணில் ஒரு சதவீதத்தில் சின்னப் பங்கு. ஆனால் கழித்து எடுத்த வித்தியாசத்தில் அதுவே பல ஸ்தாயிகள்.

கடைசியாக, உங்கள் மாணவி ஒருத்தி ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்த கேள்வி: செல்போனில் ரேடியோ இருக்கிறது, கேங் எங்கே? சில்லின் உள்ளே சின்னச் சின்ன நிலைக் கண்டென்சர்களை மின்னணு சுவிட்சுகள் சேர்த்தும் விலக்கியும் கொள்கின்றன. வேறு சுற்றுகளில் வேரக்டர் டயோடு அந்த வேலையைச் செய்கிறது. பின்னோக்குச் சார்பில் இருக்கும் எந்த டயோடிலும் சந்திக்கு இருபுறமும் மின்னூட்டங்கள் விலகி, நடுவே ஒரு வெற்றுப் பகுதி இருக்கும். தட்டுகளுக்கு இடையிலான தூரம் என்று சூத்திரத்தில் வருவது அதுதான். மின்னழுத்தத்தைக் கூட்டினால் அந்தப் பகுதி அகலும், மின்தேக்குதிறன் குறையும். சுழலும் பாகம் ஒன்றும் கிடையாது.

அவளுக்காக ஒரு சோதனை. எல்லாக் கடையிலும் கிடைக்கும் 1என்4007 டயோடுக்கும் இந்தக் குணம் உண்டு. சில பிகோஃபாரட் நகரும். அதைக் கேங்குக்குப் பக்கத்தில், பட்டை உள்ள முனை காயிலின் தலையைப் பார்த்திருக்கும்படி வையுங்கள். ஆனால் தலையோடு நேரே கட்டக்கூடாது. நடுவே 1,000 பிகோஃபாரட் செராமிக் ஒன்று இருக்கவேண்டும், இல்லாவிட்டால் பேட்டரியின் நேர்மின்னோட்டம் காயில் வழியாக எர்த்துக்குப் போய்விடும். 9 வோல்ட்டை 100 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலிலிருந்து எடுத்து, ஒரு மெகா ஓம் வழியாக டயோடின் பட்டை முனைக்குக் கொடுங்கள். அந்த ஒரு மெகா ஓமை விட்டுவிட்டால் பேட்டரியும் கன்ட்ரோலும் சேர்ந்து ஒத்ததிர்வை விழுங்கிவிடும். டயோடு சேர்ந்ததும் திருச்சி சற்று இடம் மாறியிருக்கும். கேங்கை இன்னும் கொஞ்சம் திறந்து பிடித்துக்கொண்டு, பிறகு வால்யூம் கன்ட்ரோலால் நிலையத்தின் இருபுறமும் போய் வரச் சொல்லுங்கள். 1,000 பிகோஃபாரட்டுக்குப் பதில் 10 வைத்தால் நகரும் தூரம் ஏன் சுருங்குகிறது என்பதை அவளே கணக்குப் போட்டுவிடுவாள். 555 சோதனையில் பத்துப் பத்து டிகிரிக்குச் சுருதி எவ்வளவு என்று ஒரு வரைபடமும் போட்டு அனுப்புங்கள். செல்போனில் அதிர்வெண் காட்டும் செயலி போதும். வளைகோட்டைப் பார்த்தால் உங்கள் கேங்கின் தகடு எந்த வடிவம் என்று இங்கிருந்தே சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
உங்கள் பத்திக்காரன்